வட்டமிட்ட பொருள்

இருபத்தாறு வருடம் இதே மேஜையில்
காகிதம் விற்றேன்.
வீடு எரிந்தால் வீடு தரும் காகிதம்.
வாங்கியவர் யாரும் முழுதாகப் படித்ததில்லை.
நானும்தான்.

சியரா மலையடிவாரத்தில் எங்கள் டாலன் ஃப்ளாட்:
ஒரு தபால் நிலையம், ஒரு பெட்ரோல் பங்க்,
தேவாலயக் கோபுரத்தைக் குள்ளமாக்கும் பைன் மரங்கள்.
செப்டம்பரில் காற்று கிழக்கிலிருந்து வந்தால்
நாய்களும் தூங்காது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
இங்கே நெருப்புக்கு முன்பே
கடிதம் வந்துவிடுகிறது.

வெர்னா ஆஸ்ட்ரண்டர் தன்னுடையதைக் கொண்டுவந்தாள்,
பள்ளிப் பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு,
சாவிக்கொத்தைக் கையிலிருந்து இறக்காமல்.
"பாலிசியைப் புதுப்பிக்க இயலாது.
கூரையில் குப்பை.
சுவரை ஒட்டி மரக்கிளை.
இணைப்பு: படம் ஒன்று."

இருபத்திரண்டு வருடம், ஒரு தவணை தவறியதில்லை என்றாள்.
தெரியும். ரசீது போட்டவன் நான்.
தவறாததைக் குறிக்க
அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

வேறு கம்பெனிகளைக் கூப்பிட்டேன்.
ஒருவர் ஊரின் அஞ்சல் எண்ணைக் கேட்டதும் நன்றி சொன்னார்.
இன்னொருவர் அதைக் கேட்கவும் இல்லை.
மிஞ்சியது மாநிலத்தின் கடைசித் திட்டம்.
ஆயிரத்து நானூறு டாலர் கட்டிய இடத்தில்
ஆறாயிரத்து முந்நூறு,
அதுவும் தீக்கு மட்டும்.
குழாய் வெடித்தால், திருடன் புகுந்தால், உன் பாடு.
காப்பீடே வேண்டாம் என்று இருந்துவிடலாம் என்றால்
கடன் கொடுத்த வங்கி விடாது.
விற்றுவிட்டுப் போகலாம் என்றால்
வாங்க வருபவனுக்கும் அதே வங்கி,
அதே காற்று,
இதே மேஜையில் நான்.

"அந்த ஓக் மரத்தையாவது வெட்டு, வெர்னா."
"வெட்டியாச்சு. மார்ச்சில்."
அறுக்க வந்த எஃப்ரைன்
அடிமரத்தை உள்ளங்கையால் தட்டிப் பார்த்து
"நல்ல கட்டை, இன்னும் எண்பது வருஷம் நிற்கும்" என்று சொல்லிவிட்டுத்தான்
ரம்பத்தின் கயிற்றை இழுத்தானாம்.

அப்புறம்தான் படத்தைச் சரியாகப் பார்த்தேன்.
வானத்திலிருந்து எடுத்தது.
அந்த ஓக் அதில் இன்னும் பச்சையாக நின்றது.
கூரையின் மேற்கு முனையில் சிவப்பு வட்டம்,
வட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ,
அதிலிருந்து நீளும் மெல்லிய கோடு.

"அது ஆரின்," என்றாள்.
"கோடு, துடைப்பம்.
சருகு கூட்டுகிறான்."

ஆரினை ஜனவரியில் புதைத்தோம்.
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்,
ஷூ கடித்துக்கொண்டிருந்தது, அதுதான் நினைவில் இருக்கிறது.

மேல்முறையீடு எழுத ஆரம்பித்தேன்.
'வட்டமிட்ட பொருள் குப்பை அல்ல.'
பொருள் என்பதை அடித்தேன்.
மனிதர் என்று போட்டேன்.
அதையும் அடித்துவிட்டுப்
பேனாவை மூடினேன்.

அவள் கேட்டது அதையல்ல.
"இதைவிடப் பெரிய படம் வைத்திருப்பார்களா?
முகம் தெரிகிற மாதிரி?"

நாற்பது நிமிடம் தொலைபேசியில் இசை கேட்டேன்.
பிறகு ஒரு பெண், மிக மரியாதையாக:
படங்களை வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே தருவோம்.
இன்னும் ஒன்பது நாள் இவர் வாடிக்கையாளர்தான் என்றேன்.
எழுத்தில் அனுப்புங்கள் என்றாள்,
பதில் வரப் பத்து வேலை நாள் ஆகும்.

வெர்னா போனாள். மூன்றரை மணிக்குப்
பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

எனக்கு வந்த கடிதம்
இரண்டாவது இழுப்பறையில் கிடக்கிறது, பிரிக்காமல்.
உறையைப் பார்த்தாலே எடை தெரியும் எனக்கு.

சாயங்காலம் ஏணி வைத்து ஏறினேன்.
பைன் ஊசிகள், ஒரு வாளி நிறைய,
கூட்டக் கூட்ட விழுந்துகொண்டே இருந்தன.
மேலே ஏதோ இரைந்தது.
விமானமோ, வேறெதுவோ.

துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.
தொப்பியைக் கழற்றிவிட்டு
நன்றாக நிமிர்ந்து பார்த்தேன்.